பின்பக்கம் ஐந்தரை அடி

காரைக்கால்
8 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டேன். சண்டை போடும் அளவுக்கு நலமாகத்தான் இருக்கிறாய். அதனால்தான் கடிதம். போனில் பேசினால் நான் அழுகிறேன், நீ வைத்துவிடுகிறாய். வீடு கட்டுகிற விஷயத்தை அப்படிப் பேசி முடிக்க முடியாது.

வீட்டுக்காரர் வரும் மே மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகனுக்குக் கல்யாணம், மாடி வேண்டுமாம். பதினாறு வருடம் இருந்த இடம். கோபம் இல்லை, அவருடைய மாடி. ஆனால் இன்னொரு வாடகை வீடு தேடி, தனியாக இருக்கிற பெண் என்று நான்கு பேரிடம் விளக்கம் சொல்ல இனித் தெம்பில்லை. எனக்கு நாற்பத்து நான்கு ஆகிறது. சாவி என்னிடம் மட்டும் இருக்கிற ஒரு கதவு வேண்டும்.

கல்லூரி நூலக வேலையைக் காட்டி வங்கியில் பதினான்கு லட்சம் கடன் கிடைக்கும். நீ தருவதாகச் சொன்ன இருபதும் சேர்ந்தால் முப்பத்து நான்கு. மனை நம் இருவர் பெயரிலும் இருப்பதால், நீ கையெழுத்துப் போட்டு அனுப்பாமல் கடனும் கிடையாது, அனுமதியும் கிடையாது. தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கருக்களாச்சேரி ரோட்டு மனையில் அரை நாள் ஜேசிபி விட்டுக் கருவேல முள்ளை எடுத்தேன். இப்போது தரை தெரிகிறது. ரோட்டிலிருந்து பின்னால் வாய்க்கால் வரை சரிந்து இறங்குகிறது. அதற்குத் தகுந்தாற்போல் திட்டம் போட வேண்டும். தெட்சிணாமூர்த்தி என்று ஒரு மேஸ்திரி, நல்ல வேலைக்காரர் என்கிறார்கள். அடுத்த வாரம் அளக்க வருகிறார்.

உன்
ஜோவிதா

*

சார்செல்
24 ஜூன் 2025

ஜோவி,

தபால் பிரான்சுக்குப் பதினொரு நாளில் வந்தது. பரவாயில்லை.

ஓத்ரே அம்மாவுக்கென்று கம்ப்யூட்டரில் பிளான் போட்டுத் தந்திருக்கிறாள். நம் மனையின் சாட்டிலைட் படத்தை எடுத்து அதன் மேலேயே வரைந்தாள். இரண்டு படுக்கையறை, நடுவில் பெரிய கூடம், பின்னால் சமையலறை, வாய்க்காலைப் பார்த்த மாதிரி ஒரு தாழ்வாரம். ஒரு படிகூட இல்லை. உன் மாமா ழெரோமுக்கு இரண்டு வருடத்தில் வேலையிலிருந்து ரெத்ரெத். அந்தப் பென்ஷன் வரத் தொடங்கியதும் நாங்கள் வந்துவிடுவோம். அவர் முழங்காலுக்குப் படி ஆகாது.

ஆனால் சரிவு என்று எழுதியிருக்கிறாயே, எந்தச் சரிவு? நம் மனை தட்டைத் தரை. அப்பாவின் பழைய வேட்டியை நெட்டாகக் கட்டி, சாம்பலால் கோடு போட்டு, நானும் நீயும் பாட்மிண்டன் ஆடிய இடம். பந்து உருண்டு வாய்க்காலுக்குப் போனதாக எனக்கு நினைவே இல்லை. படத்திலும் சமமாகத்தான் இருக்கிறது. நீ வேறு மனையை முள் வெட்டிவிட்டாயா?

அப்படியே பள்ளம் இருந்தாலும் மண் அடித்து ரோட்டு மட்டத்துக்கு ஏற்று. இருபத்துநான்கு வருடம் நான்காம் மாடியில் இருந்துவிட்டு, ஊருக்கு வந்து ரோட்டை விட்டுக் கீழே இறங்கிப் போகிற வீட்டில் நான் இருக்க மாட்டேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

கையெழுத்து பிறகு. முதலில் தரையைப் பற்றி எழுது.

ஜோசெஃபின்

*

காரைக்கால்
12 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

அதே மனைதான். சாட்டிலைட் மேலேயிருந்து பார்க்கிறது. அதற்கு மேடும் பள்ளமும் ஒன்று. நான் கீழேயிருந்து பார்த்தேன்.

தெட்சிணாமூர்த்தி டியூப் லெவல் கொண்டு வந்தார். ஒன்றுமில்லை, கண்ணாடி மாதிரித் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை ரோட்டோரம் தரை மட்டத்தில் அவர் பிடித்துக்கொண்டார், இன்னொரு முனையை என்னிடம் கொடுத்து வாய்க்கால் ஓரம் நிற்கச் சொன்னார். எவ்வளவு தூரம் தள்ளி நின்றாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். அதை வைத்துத் தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். எனக்குக் கை ஆடிக்கொண்டே இருந்தது. “ஆடாம நில்லுங்கம்மா, தண்ணி நிக்கட்டும்” என்று மூன்று தடவை கத்தினார். கடைசியில் என் பக்கம் தண்ணீர் என் தலைக்கு மேலே போய் நின்றது. குழாயைக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்பக்கம் ஐந்தரை அடி பள்ளம்.

மண் அடித்து ஏற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுத் தந்தார். ஐம்பது டிப்பர் மண். கொட்டிய மண் மழையில் வாய்க்காலுக்குச் சரிந்து போகாமல் இருக்க மூன்று பக்கமும் தடுப்புச் சுவர். இரண்டும் சேர்ந்து ஒன்பது லட்சம். அதோடு முடியவில்லை. புது மண் கட்டடத்தைத் தாங்காது. மண் அடித்தாலும் அஸ்திவாரக் கடக்கால் அதைத் தாண்டிப் பழைய தரைக்குத்தான் போக வேண்டுமாம். ஆக ஒன்பது லட்சத்தைக் கொட்டி மூடிவிட்டு, அதன் மேல் நீ கேட்ட வீட்டைக் கட்ட இருபத்தைந்து. கரண்டுக்கும் கிணற்றுக்கும் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது.

இன்னொன்றும் இருக்கிறது. ரோட்டுத் தண்ணீர் எல்லாம் நம் மனை வழியாகத்தான் வாய்க்காலுக்கு இறங்குகிறது. நாம் ஏற்றினால் அது நேரே பக்கத்து மனை சுல்தான் பீவி அக்கா வீட்டுக்குள் போகும். அவர் வேலி ஓரம் வந்து நின்று அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொடுத்தார்.

மேஸ்திரி வேறு வழி சொல்கிறார். முன்பக்கம் ரோட்டு மட்டத்தில் தொடங்கி, வீட்டுத் தரையை அதே மட்டத்தில் பின்னால் கொண்டு போய், பின்பாதியைத் தூண்களில் நிறுத்துவது. தண்ணீர் அடியில் போய்விடும். மண் வேண்டாம், தடுப்புச் சுவர் வேண்டாம். தூணுக்கும் பீமுக்கும் கூடுதலாக நாலே கால் லட்சம். மாமாவுக்கு ஒரு படிகூட வராது. பின்னால் தாழ்வாரத்தில் நின்றால் வாய்க்கால் காலுக்குக் கீழே தெரியும்.

தரை எப்படிச் சரிந்தது என்று கேட்டிருந்தாய். இத்தனை வருட மழை, வாய்க்கால் அரிப்பு. அப்படித்தான் இருக்கும்.

உன்
ஜோவிதா

*

சார்செல்
30 ஜூலை 2025

ஜோவி,

மழை ஐந்தரை அடி மண்ணைத் தின்றதா? சுல்தான் பீவி அக்கா வீட்டு மண்ணைத் தின்னாமல் வேலியோடு நின்றுகொண்டதா? நான் படிப்பில் உன் அளவுக்கு இல்லை, நிஜம்தான். ஆஸ்பத்திரியில் படுக்கை விரித்தே காலம் போய்விட்டது. ஆனால் முட்டாள் இல்லை.

ழெரோமின் சித்தப்பா மகன் ரேமோன் சொல்கிறார், ஊரில் ஆள் இல்லாத மனையில் மண்ணை ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். நம் மனைக்கு ஆள் இல்லாமல் இல்லையே. நீ இருந்தாய். அப்பா போய் ஒன்பது வருடமாக நீ மட்டும்தான் இருக்கிறாய். சைக்கிளில் பத்து நிமிடம். ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கக் கூடாதா? அல்லது பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாயா? அல்லது யாருக்காவது கொடுத்தாயா?

நான் கேட்பது மண்ணை இல்லை. நீ என்னிடம் எதையோ மறைக்கிறாய். உன் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் விளக்கம் அரைப் பக்கம், இதற்கு மட்டும் ஒரு வரி. உன்னை எனக்கு நீ பிறந்ததிலிருந்து தெரியும். பொய் சொல்லும்போது நீ சுருக்கமாகப் பேசுவாய்.

யார் எடுத்தார்கள் என்று எழுது. இல்லாவிட்டால் என் பாதியை ரேமோனுக்கே கொடுத்துவிடுகிறேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். உண்மை சொல்லாத இடத்தில் வயதான காலத்தில் வந்து உட்கார எனக்கு ஆசை இல்லை. உன் தாள்களில் கையெழுத்துப் போடவில்லை.

ஜோசெஃபின்

*

காரைக்கால்
17 ஆகஸ்ட் 2025

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவும் உனக்குப் பிடிக்காது.

விற்பது உன் உரிமை. ரேமோன் அண்ணனுக்குக் கொடுத்தால் நல்ல விலை தருவார். நாற்பத்தைந்து அடி அகலத்தில் பாதி இருபத்திரண்டரை. அதில் இரண்டு பக்கமும் இடம் விட்டால் எனக்கு மிஞ்சுவதில் ரயில் பெட்டி மாதிரி ஒன்று கட்டலாம். பதினான்கு லட்சத்தில் அதுவும் கூரை மட்டத்தோடு நிற்கும். நான் வேறு வாடகை வீடு பார்த்துக்கொள்கிறேன். திருநள்ளாறு பக்கம் ஒன்று இருப்பதாக உடன் வேலை செய்கிற வினோதா சொல்கிறாள். இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நிலைமை இதுதான் என்று தெரிய வேண்டும் என்றுதான்.

நீ எழுதியது சரி. பொய் சொல்லும்போது நான் சுருக்கமாகத்தான் பேசுகிறேன். இது எனக்கே தெரியாது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மழை என்று எழுதியது பொய்.

ஆனால் மண் களவு போகவில்லை. நான் யாருக்கும் கொடுக்கவும் இல்லை. இதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு வாக்கு இருக்கிறது. வாங்கியவர் இப்போது இல்லை என்பதால் அது இல்லாமல் போய்விடுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ வந்து இருப்பாய் என்று நினைத்துத்தான் இரண்டு அறை வேண்டும் என்று மேஸ்திரியிடம் முதலிலேயே சொன்னேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே.

ஜோவிதா

*

சார்செல்
21 செப்டம்பர் 2025

ஜோவி,

சுல்தான் பீவி அக்காவிடம் பேசினேன். அவர் பேத்தி நௌஷினின் நம்பரைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. உன் மேல் புகார் சொல்லத்தான் கூப்பிட்டேன், மறைக்கவில்லை. மண் களவு போனதை நீங்கள்கூட எங்களுக்குச் சொல்லவில்லையே அக்கா என்று ஆரம்பித்தேன்.

அவர் சிரித்தார். “களவாண்டு போக அது என்ன மீனா, புள்ள? ஒங்க அப்பாதானே நின்னு எண்ணி எண்ணி ஏத்திவிட்டாஹ. ஒனக்குக் கல்யாணம் வச்ச வருசம். ஒம் மாப்புள டிராக்டர்ல வந்தவருல்ல” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒனக்குத் தெரியாதா?” என்று கேட்டார். நான் போனை நௌஷினிடம் கொடுக்கச் சொன்னேன்.

அவள் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள். நூற்று முப்பது லோடு மண். இறால் பண்ணைக்குக் கரை போட. அந்தக் காசில் எனக்கு நான்கு பவுன் சங்கிலி.

அந்தச் சங்கிலியை நான் கழற்றாமல் போட்டிருந்தேன். ழெரோமின் அம்மா கல்யாணத்தன்று கையில் எடை பார்த்தார்களே, அது. நிச்சயத்தன்று இருபத்தைந்து பவுனில் நான்கு குறைகிறது என்று அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், இரண்டே மாதத்தில் அப்பா எங்கிருந்தோ கொண்டு வந்து வைத்தார். பள்ளிக்கூடத்தில் சீட்டு எடுத்தேன் என்றார். வாத்தியார்கள் சீட்டு என்று நானும் நம்பினேன். அப்போது நான் மாதாகோயில் தெரு அத்தை வீட்டில் தையல் பழகிக்கொண்டு, பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மனைப் பக்கமே போகவில்லை. அனுப்பவில்லை என்று இப்போது தெரிகிறது.

நான்கு தடவை ஊருக்கு வந்தேன். நான்கு தடவையும் மனையைப் பார்க்கக் கேட்டேன். அப்பா ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே முள்ளுக்காடு, பாம்பு இருக்கிறது என்றார். ஒரு பாம்பைக்கூட நான் பார்க்கவில்லை.

ழெரோமிடம் சொன்னேன். “தெரிஞ்சிருந்தா சங்கிலி வேண்டாம்னு சொல்லியிருப்பேன்” என்றார். சொல்லியிருக்க மாட்டார். இருபத்தெட்டு வயது, அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். நானும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன் என்பதுதான் தூங்கவிடவில்லை. எனக்கு அப்போது எப்படியாவது போக வேண்டும். பவுன் எங்கிருந்து வந்தாலும் சரி.

நீ அங்கே இருந்தாய். பதினேழு வயது. நீ பார்த்தாயா? எனக்கு ஏன் சொல்லவில்லை? அப்பா இருக்கும்வரை சரி. பிறகு ஏன் சொல்லவில்லை? உன்னைத் திருடி என்று எழுதாத குறையாக நான் எழுதினேனே, அப்போதுகூட ஏன்?

ஜோசெ

*

காரைக்கால்
9 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

பார்த்தேன். ப்ளஸ் டூ விடுமுறை. மூன்று வாரம், காலை ஆறு மணிக்கு டிராக்டர் வரும். அப்பா பள்ளிக்குப் போகும் வரை அவர் எண்ணுவார். அதற்குப் பிறகு என்னை உட்கார வைத்துவிட்டுப் போவார். ஒரு நோட்டில் லோடுக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடச் சொன்னார். பின்பக்கம் தொடங்கி முன்னால் வந்தார்கள். ரோட்டோரம் மட்டும் தொடக் கூடாது, பார்க்கிறவர்களுக்கு மனை மனையாகத் தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதனால்தான் சரிவு. முழுவதும் எடுத்திருந்தால் நீ முதல் தடவை வந்தபோதே கண்டுபிடித்திருப்பாய்.

தெட்சிணாமூர்த்தி அளந்த அன்றே சொல்லிவிட்டார். ஒரு குழி வெட்டிப் பார்த்துவிட்டு, “இது தண்ணி அரிச்ச சரிவு இல்லம்மா, மம்பட்டி வச்ச சரிவு” என்றார். உனக்கு அதை எழுதவில்லை.

கடைசி லோடு போன அன்று அப்பா என்னிடம், “அக்காவுக்குத் தெரிய வேண்டாம். போற வீட்டுல அவ தலை குனிஞ்சு நிக்கக் கூடாது” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. என் தலையில் கை வைத்துச் சத்தியம் எல்லாம் வாங்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று உனக்குத் தெரியும். கேட்டார், சரி என்றேன்.

அப்பா போன பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். வாக்கு என்று போன கடிதத்தில் எழுதினேன். அது பாதிதான். மீதியை எழுதினால் நீ என்னை என்ன நினைப்பாயோ, எழுதிவிடுகிறேன்.

நீ போன பிறகு எனக்கு எதுவும் இல்லை, அக்கா. மனையில் மண் இல்லை, அப்பாவிடம் தெம்பு இல்லை. மதுரைக்குப் போய் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்தது. கேட்கவே இல்லை, கேட்டால் அவர் முன்பக்கத்தையும் வெட்டிவிடுவார் என்று பயம். வந்த வரன்கள் அப்படியே போயின. உன்னிடமிருந்து பனியில் நிற்கிற போட்டோ வரும். அப்போதெல்லாம் அந்த நோட்டை நினைத்துக்கொள்வேன். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. சொன்னால் ஒரே நாளில் நீ உடைந்துவிடுவாய். சொல்லாமல் இருப்பதால் நான் உன்னைவிட நல்லவள். இப்படி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் போனில் உன்னிடம் நன்றாகப் பேசியிருக்கிறேன். நீ என்னைத் திருடி என்று நினைத்தபோது வலித்தது. அதோடு கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. அதுதான் எனக்கு வெட்கம்.

மண்ணுக்காக உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படிச் சொல்வது பொய் இல்லை, பார், நீளமாகத்தான் எழுதுகிறேன். இருபத்தேழு வருடம் ஒரு கோபத்தை வைத்திருக்க முடியாது. அது வேறு ஏதோவாக ஆகிவிடுகிறது.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்புகிறேன்.

பாதியை விற்பதானால் சொல்லிவிடு. மழை தொடங்கப் போகிறது. எதுவானாலும் தை மாதம்தான்.

உன்
ஜோவிதா

*

சார்செல்
2 நவம்பர் 2025

அன்புள்ள ஜோவி,

இன்று கல்லறைத் திருநாள். நீ இந்நேரம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாய். இங்கே நமக்கென்று கல்லறை இல்லை. யாரோ ஒருவர் கல்லறையில், பெயர்கூட வாசிக்க முடியாத ஒன்றில், சாமந்தித் தொட்டி வைத்துவிட்டு வந்தேன்.

நோட்டை அனுப்பாதே. தபாலில் தொலைந்துவிடும்.

நீ வெட்கம் என்று எழுதியதை மூன்று தடவை படித்தேன். எனக்கும் ஒன்று இருக்கிறது. அந்தச் சங்கிலி இப்போது இல்லை. ஓத்ரே பிறந்த வருடம் விற்றுவிட்டோம். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பணம், இங்கே கொசியோன் என்பார்கள், இரண்டு மாத வாடகை கட்ட வேண்டியிருந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. போட்டோ எடுக்கும்போது கழுத்து வரை சால்வை சுற்றிக்கொள்வேன். குளிர் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவர் பாம்பு என்றார், நான் குளிர் என்றேன்.

ஆக நம் பின்பக்கத்து மண் எங்கேயும் போகவில்லை, ஜோவி. சார்செலில் நான்காம் மாடியில் இருக்கிறது. அதன் மேல்தான் நான் இருபத்துநான்கு வருடம் தூங்கினேன்.

மதுரை விஷயம் எனக்குத் தெரியாது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் விடுகிறேன், மறந்து அல்ல.

மண் அடிக்க வேண்டாம். முதலில் வீம்புக்கு ஏற்றச் சொன்னேன், பிறகு குற்ற உணர்ச்சியில் நானே ஐம்பது டிப்பருக்கும் பணம் அனுப்பி நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். ழெரோம்தான், நிரப்பினால் சுல்தான் பீவி அக்கா வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்று எழுதியிருந்தாளே என்று எடுத்துக் காட்டினார். அவர் உன் கடிதங்களைப் படிக்கிறார், கோபித்துக்கொள்ளாதே. மேஸ்திரி சொன்னபடியே தூண்கள் போடு. மிச்சமாகும் நாலே முக்கால் லட்சத்தில் கிணறு, கரண்டு, உன் அறைக்கு முழுச் சுவர் நீளத்துக்குப் புத்தக அலமாரி. என் பங்கில் குறைக்க நினைக்காதே, இருபது இருபதுதான்.

பின்பக்கத்து அறை எனக்கு. கீழே பள்ளம் இருக்கிற அறை.

தாள்களில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் தபாலில் அனுப்பப்போவதில்லை. ஜனவரி பதினொன்று வருகிறேன், தனியாக, ஐந்து வாரம். பாம்பு இருந்தாலும் இந்தத் தடவை உள்ளே இறங்குவேன்.

உன்
ஜோசெ அக்கா

*

காரைக்கால்
23 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நான்கு நாளாக விடாத மழை. நேற்றுக் கொஞ்சம் விட்டபோது குடையோடு போய்ப் பார்த்தேன். ரோட்டுத் தண்ணீர் நம் மனையில் இறங்கி, சத்தம் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குப் போகிறது. சுல்தான் பீவி அக்கா வாசல் காய்ந்து கிடந்தது. அவர் என்னைப் பார்த்ததும், போனில் உளறிவிட்டேனே என்று ஆரம்பித்தார். நான் அக்கா வருகிறாள் என்றேன். “அப்ப மீன் வாங்கணும்” என்று உள்ளே போய்விட்டார்.

தெட்சிணாமூர்த்தியும் வந்திருந்தார். எதுவரை தண்ணீர் ஏறுகிறது என்று தூண் உயரத்துக்குக் குறித்துக்கொண்டார். மழை விட்டதும் டிசம்பர் கடைசியில் மட்டம் பார்த்துக் குறி போட்டுவிடலாம் என்றார். ஜனவரி பதினொன்றுக்குப் பிறகு வாருங்கள் என்றேன். எதற்கு இரண்டு வாரம் வீணாக என்று கேட்டார்.

“இன்னொரு முனையப் பிடிக்க ஆள் வருது” என்றேன்.

அதற்கு நான் போதாதா என்று முறைத்தார். உங்களுக்குக் கத்துகிற வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ரப்பர் செருப்பு ஒன்று எடுத்து வா. அடியில் களிமண், வழுக்கும். நீ வாய்க்கால் பக்கம் நில், நான் ரோட்டில் நிற்கிறேன். குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கப் பார்க்காதே. கையை நன்றாக மேலே உயர்த்த வேண்டியிருக்கும். முதலில் தண்ணீர் ஏறும், இறங்கும், நம் இரண்டு பக்கமும் ஆடும். அவர் கத்துவார். பதறாதே. ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் போதும், நின்றுவிடும்.

உன்
ஜோவி